ஒரு பக்க நோட்டீஸை வைத்துக் கட்சி நடத்த முடியுமா?

கேள்வி: செஞ்சியில் உரக்கடை வைத்திருக்கிறேன். ஊருக்கு வெளியே மூன்று ஏக்கர் நிலமும் கிணறும் உண்டு. படித்த என் மகன், வலதுசாரிக் கட்சி என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஒரு புதுக் கட்சியில் ஒன்றியப் பொறுப்புக்கு வந்திருக்கிறான். வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தையில் நின்று அவன் விநியோகித்த நோட்டீஸை வாங்கிப் படித்தேன். மரபு, நேர்மை, வரிக் குறைப்பு, அரசு தலையிடாத தொழில் என்று ஒரே பக்கம். விவசாய மோட்டாருக்கான இலவச மின்சாரம், ரேஷன் அரிசி பற்றி ஒரு வரிகூட இல்லை. கேட்டால், "ஆட்சிக்கு வந்த பிறகு பார்த்துக்கலாம்ப்பா" என்கிறான். தோற்றால் இவன் கடனாளி ஆகிவிடுவானோ என்று பயம். ஜெயித்தால் எங்களுக்கு என்ன ஆகுமோ என்று அதைவிடப் பயம். இப்படி ஒரு கட்சி நிலைக்குமா?
மு.வே., செஞ்சி

பதில்: அன்புள்ள மு.வே. அவர்களுக்கு,

முதலில் மனதை இலேசாக்கிக்கொள்ளுங்கள். மகன் தேர்ந்தெடுத்த வழி வெட்கப்பட வேண்டியதும் அல்ல, உடனே ஊர் கவிழ்ந்துவிடக் கூடியதும் அல்ல. விவரமான கொள்கை இல்லாமல் ஒரு வலதுசாரிக் கட்சி (தனிச்சொத்து, மரபு, அரசின் தலையீடு குறைந்த சந்தை ஆகியவற்றை முன்னிறுத்தும் கட்சி) இடங்களை வெல்ல முடியும். நம் மாநிலத்திலேயே பிறந்த ஒரு கட்சி வென்று காட்டியிருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுகளில் அது எட்டு இடங்களுக்கு இறங்கியதும் இதே நாட்டில்தான். உங்கள் கடிதத்தில் இருந்த கட்சிப் பெயரை இங்கே வெளியிடவில்லை. பதிலுக்கு அது தேவையும் இல்லை.

நான் சொல்வது ராஜாஜியின் சுதந்திராக் கட்சியை. 1959 ஜனவரியில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ், நிலங்களை ஒன்றுசேர்த்துக் கூட்டுறவுப் பண்ணையாகப் பயிரிடுவதை இலக்காக வைத்துத் தீர்மானம் போட்டது. நிலம் வைத்திருந்தவர்களுக்கு அடிவயிற்றில் புளி கரைந்தது. அதே ஆண்டு ஜூனில், எண்பது வயது கடந்த ராஜாஜி சென்னையில் புதுக்கட்சியை அறிவித்தார். என்.ஜி. ரங்கா தலைவர், மினூ மசானி பொதுச்செயலாளர், சின்னம் நட்சத்திரம். அடிப்படைக் கோட்பாடுகள் என்று 21 அம்சங்களை எழுதி வைத்தார்கள். அவற்றுக்கு வெளியே உள்ள எந்த விஷயத்திலும் உறுப்பினர் தன் மனசாட்சிப்படி பேசலாம், வாக்களிக்கலாம் என்பதையும் அந்தக் கோட்பாடுகளிலேயே சேர்த்துக்கொண்டார்கள். அதாவது விவரம் இல்லாததையே ஒரு கொள்கையாக வைத்திருந்த கட்சி அது.

ராஜாஜிக்கு விவரம் எழுதத் தெரியாமல் இல்லை. 1952-ல் முதலமைச்சரானதும் உணவு தானியக் கட்டுப்பாட்டை நீக்கிய துணிச்சல்காரர் அவர். மறு ஆண்டு கிராமப் பள்ளிகளுக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தார்: பிள்ளைகள் நாளுக்கு மூன்று மணி நேரம் பள்ளியில் இருந்தால் போதும், மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும். மணிக்கணக்கு வரை தெளிவாக வகுத்த திட்டம். 'குலக்கல்வித் திட்டம்' என்று எதிர்ப்பாளர்கள் பெயர் வைத்தார்கள், அந்தப் பெயரே நிலைத்தது. 1954-ல் அவர் பதவி விலகினார், அடுத்து வந்த காமராஜர் திட்டத்தையே கைவிட்டார். அப்படிச் சூடு பட்டவர் ஐந்து வருடம் கழித்துக் கட்சி தொடங்கும்போது விவரத்தைத் தவிர்த்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. இது என் ஊகம்தான். ஆனால் விவரம் எழுதினால் எதிரிக்குப் பிடி கிடைக்கும் என்பது எல்லாக் கட்சிக்காரர்களுக்கும் தெரிந்த கணக்கு. உங்கள் மகனின் தலைவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

1962-ல் சுதந்திராக் கட்சி மக்களவையில் 18 இடங்களைப் பிடித்தது. 1967-ல் 44 இடங்களுடன் மிகப் பெரிய எதிர்க்கட்சியாக உட்கார்ந்தது. குஜராத் சட்டமன்றத்தில் 66 இடங்கள். ஒரிசாவில் ஜன காங்கிரஸோடு சேர்ந்து ஆட்சியே அமைத்து, ஆர்.என். சிங் தேவ் முதலமைச்சரானார். வாக்கு எங்கிருந்து வந்தது? கூட்டுப்பண்ணை வேண்டாம், லைசென்ஸ்-பெர்மிட் ராஜ்யம் (எந்தத் தொழிலுக்கும் அரசின் அனுமதி கேட்டு நிற்க வேண்டிய முறை) வேண்டாம் என்று எல்லோருக்கும் புரிகிற ஓர் எதிர்ப்பு இருந்தது. அதைவிட, அந்தந்த ஊரில் ஏற்கெனவே செல்வாக்கு உள்ளவர்கள் கட்சிக்குள் வந்தார்கள். ஜெய்ப்பூர் மகாராணி காயத்ரி தேவி 1962-ல் மலைக்க வைக்கும் வித்தியாசத்தில் வென்றார். அந்த வாக்கு அரண்மனைக்கு விழுந்ததா, 21 அம்சங்களுக்கு விழுந்ததா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். பீகாரில் ராம்கர் ராஜா தம் ஆட்களோடு வந்தார், 1962-ல் அங்கே 50 சட்டமன்ற இடங்கள் கிடைத்தன. அடுத்த தேர்தலுக்குள் அவர் வெளியேறினார். கட்சியின் பலமும் அவரோடு வெளியேறிவிட்டது.

தமிழ்நாட்டுக் கணக்கு இன்னும் சுவாரசியமானது. 1962-ல் சுதந்திராவுக்கு இங்கே 6 சட்டமன்ற இடங்கள்தான். 1967-ல் 20 இடங்கள், மக்களவைக்கும் 6 பேர். இடையில் நடந்தது தி.மு.க. கூட்டணி. அந்தத் தேர்தலை நினைவில் வைத்திருக்கும் பெரியவர் யாரையாவது கேளுங்கள், "ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்றுதான் சொல்வார். சந்தை சுதந்திரம் பேசிய கட்சி, அரசே அரிசி விலையை இறக்கித் தருகிறேன் என்ற வாக்குறுதியின் நிழலில் நின்று தன் இடங்களை மூன்று மடங்குக்கு மேல் பெருக்கிக்கொண்டது! ஆட்சிக்கு வந்த தி.மு.க.வால் சென்னையிலும் கோவையிலும் ஒரு படித் திட்டத்தைத்தான் தொடங்க முடிந்தது. ஆனாலும் அந்த வாக்குறுதியில் ஒரு படி இருந்தது, ஒரு ரூபாய் இருந்தது. கேட்கிறவள் தன் வீட்டு உலையோடு வைத்துப் பார்க்க முடிந்தது. தமிழ்நாட்டு வாக்காளர் நூறு பக்கக் கொள்கை அறிக்கையை என்றைக்கும் கேட்டதில்லை. கையில் பிடித்துப் பார்க்க ஒரு பொருள் கேட்பார். உங்கள் மகனின் நோட்டீஸில் இல்லாதது அதுதான் என்று நினைக்கிறேன்.

சரிவுக்கு வருவோம். எதிர்ப்பில் ஒன்றுசேர்ந்தவர்கள், தீர்மானிக்க வேண்டிய நாள் வந்தபோது ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். ராஜாஜி இந்தித் திணிப்பைக் கடுமையாக எதிர்த்தார். வடக்கே இருந்த அவருடைய கட்சிக்காரர்கள் பலருக்கு அது உவப்பாக இல்லை. மனசாட்சிப்படி பேசலாம் என்ற விதி இருந்ததால் யாரும் யாரையும் தட்டிக்கேட்கவும் முடியவில்லை. 1969-ல் இந்திரா காந்தி வங்கிகளை அரசுடைமை ஆக்கினார். அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போன ஆர்.சி. கூப்பர் சுதந்திராக் கட்சிப் பொதுச்செயலாளர்களில் ஒருவர். 1970-ல் வழக்கில் வென்றார். மறு ஆண்டுத் தேர்தலில் கட்சி மண்ணைக் கவ்வியது: மக்களவையில் 8 இடங்கள். தமிழ்நாட்டில் ராஜாஜி, காலமெல்லாம் எதிரெதிராக நின்ற காமராஜரோடு கைகோத்தும் 6 சட்டமன்ற இடங்களே மிஞ்சின. 'வறுமையே வெளியேறு' என்று இந்திரா சொன்னதிலும் பெரிய விவரம் இல்லைதான். ஆனால் வங்கிகளை எடுத்துக் காட்டியிருந்தார். 1972 டிசம்பரில் ராஜாஜி மறைந்தார். 1974-ல் கட்சி சரண் சிங்கின் பாரதிய லோக்தளத்தில் கரைந்தது.

உங்கள் ஊர்ப் பக்கமே இன்னும் பழைய கதை ஒன்று உண்டு. அது வலதுசாரிக் கதை அல்ல என்றாலும் சொல்கிறேன். பழைய தென்னார்க்காட்டில் எஸ்.எஸ். ராமசாமி படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சி 1952-ல் 19 சட்டமன்ற இடங்களை வென்றது. வடார்க்காட்டுப் பக்கம் மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சிக்கு 6. வன்னியருக்கு உரிய பங்கு என்ற ஒற்றைக் கோரிக்கைதான் அவர்கள் கையில் இருந்தது. மாணிக்கவேலு, ராஜாஜி அமைச்சரவையில் இடம்பெற்றார். படையாட்சியார் 1954-ல் காமராஜர் அமைச்சரவைக்குப் போனார். அத்தோடு இரண்டு கட்சிகளும் காங்கிரஸுக்குள் கலந்துபோயின.

இதைப் படித்துவிட்டு, விவரமாக எழுதினால் ஜெயித்துவிடலாம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஆண்டுதோறும் நிழல் நிதிநிலை அறிக்கை (ஆட்சியில் இருந்தால் வரவு செலவை எப்படி அமைப்போம் என்று காட்டும் மாதிரி அறிக்கை), வேளாண்மைக்குத் தனி அறிக்கை என்று வெளியிடும் பா.ம.க.வைவிடப் புள்ளிவிவரத்தோடு பேசும் கட்சி உங்கள் வட்டாரத்தில் இல்லை. 1989-ல் தொடங்கிய அந்தக் கட்சி 2011-ல் வென்ற மூன்றே தொகுதிகளில் செஞ்சியும் ஒன்று. மாநில ஆட்சியை அந்த அறிக்கைகள் வாங்கித் தரவில்லை.

வெளிநாட்டிலும் இதே போக்கைப் பார்க்கலாம். நெதர்லாந்தில் கீர்ட் வில்டர்ஸ் என்ற வலதுசாரித் தலைவர் 2017 தேர்தலுக்கு ஒரே ஒரு பக்கத்தில் அறிக்கை வெளியிட்டார், உங்கள் மகனின் நோட்டீஸ் மாதிரியே. 150 இடங்களில் 20 பிடித்து இரண்டாம் இடத்துக்கு வந்தார். 2023-ல் 37 இடங்களோடு முதலிடம். அவர் கட்சி இடம்பெற்ற கூட்டணி ஆட்சி 2024 ஜூலையில் அமைந்தது, 2025 ஜூனில் அவரே வெளியேறிக் கவிழ்த்தார். அதே நாட்டில் 2002-ல் பிம் ஃபோர்டெய்னின் கட்சி பிறந்த சில மாதங்களில் 26 இடங்களை வென்றது. வாக்குப்பதிவுக்கு ஒன்பது நாள் முன்பு தலைவர் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அமைச்சர்களான அவருடைய ஆட்கள் ஒருவரோடொருவர் சண்டையிட்டு, 87 நாளில் அரசே விழுந்தது. அடுத்த தேர்தலில் 8 இடங்கள்.

இனி, நீங்கள் அதிகம் அஞ்சும் விஷயம். மகனின் கட்சி ஜெயித்தால் கிணற்று மோட்டாருக்கு மீட்டர் வந்துவிடுமா? இங்கே கொள்கை அறிக்கையைவிட வாக்குச்சீட்டு வலுவானது. 2003-ல் ஜெயலலிதா அரசு விவசாய மின்சாரத்துக்குக் கட்டணம் வைத்தது, பதிலுக்குப் பணமாக மானியம் தருவதாகச் சொன்னது. வசதி உள்ளவர்களுக்கு ரேஷன் பொருள் கிடையாது என்று அவர்கள் அட்டையில் 'எச்' முத்திரையும் குத்தினார்கள். 2004 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளும் கைவிட்டுப் போயின. அந்த மே மாதமே இரண்டையும் திரும்பப் பெற்றார்கள். சட்டமன்றத்தில் பெரும்பான்மையோடு இருந்த அரசுக்கே அந்த நிலை. ஒன்றியத்துக்கு ஒரு பொறுப்பாளரைத் தேடிக்கொண்டிருக்கும் கட்சி அதில் கைவைப்பதற்கு வெகுதூரம் போக வேண்டும். ஆனாலும் "வந்த பிறகு பார்த்துக்கலாம்" என்ற பதிலை ஏற்றுக்கொள்ளாதீர்கள். அப்பாவாக அல்ல, வாக்காளராகக் கேளுங்கள்: இலவச மின்சாரம் தொடருமா, தொடராதா? தொடரும் என்றால், வரியையும் குறைத்துவிட்டு அந்தப் பணத்தை எங்கிருந்து எடுப்பீர்கள்? இது உங்கள் தனிப்பட்ட குடைச்சல் அல்ல. தேர்தல் வாக்குறுதிக்கு நியாயமும், பணத்துக்கு வழியும் பொதுவாகவாவது காட்ட வேண்டும் என்பது 2013-ல் உச்ச நீதிமன்றம் அறிவுறுத்திய பிறகு தேர்தல் ஆணையம் வகுத்த நெறிமுறை. தமிழ்நாட்டு இலவசத் திட்டங்கள் மீதான வழக்கில் வந்த தீர்ப்பு அது.

இடையில் ஒரு வேடிக்கை. கட்சியைப் பதிவு செய்ய வேண்டுமானால், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 29-ஏ பிரிவின்படி சோஷலிசத்துக்கு விசுவாசமாக இருப்போம் என்று எழுதித் தர வேண்டும். வலதுசாரிக் கட்சிக்கும் விலக்கு இல்லை. மகனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், சாப்பாட்டு நேரத்தில் பேச்சு கொஞ்சம் இலகுவாகும்.

அடுத்தது கடன். கட்சி நிலைக்குமா என்று பார்க்க நான் நோட்டீஸைப் புரட்ட மாட்டேன், வாக்குச்சாவடி முகவர் பட்டியலைத்தான் கேட்பேன். செஞ்சித் தொகுதியில் வாக்காளர்கள் இரண்டரை லட்சத்தை ஒட்டி இருக்கிறார்கள். சாவடிக்கு ஆயிரம் பேர் என்று வைத்தாலும் இருநூற்றைம்பது சாவடிகள். காலை ஐந்தரைக்கு மாதிரி வாக்குப்பதிவு தொடங்குவதற்குள் வந்து, பெட்டிக்குச் சீல் வைக்கும்வரை எழுந்திருக்காமல் உட்காரும் ஆள் ஒவ்வொன்றிலும் வேண்டும். சுதந்திராக் கட்சிக்குப் பல மாநிலங்களில் இந்த ஆள் ராஜா வீட்டிலிருந்து வந்தார், ராஜா போனதும் போய்விட்டார். ஒன்றியத்தில் எத்தனை சாவடிக்குப் பெயர் எழுதியிருக்கிறான் என்று மகனைக் கேளுங்கள். இருபது பெயர்கூடத் தேறவில்லை என்றால் கட்சி இன்னும் கட்சி ஆகவில்லை. அப்படி ஒன்றுக்காகக் கடன் வாங்கக் கூடாது.

தேர்தலில் நிற்கப் போகிறான் என்ற பேச்சு வந்தால் பதறாதீர்கள். சட்டமன்ற வேட்பாளருக்கு டெபாசிட் 10,000 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. செல்லுபடியான வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால் திரும்பக் கிடைக்கும். அந்தப் பணம் போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் வேட்பாளரின் செலவு உச்சவரம்பு 40 லட்சம் ரூபாய். வரம்புதான் அது, செலவழித்தே ஆக வேண்டிய தொகை அல்ல. "கட்சி பிறகு தந்துவிடும், இப்போதைக்கு நீ போடு" என்று மேலிடத்திலிருந்து யாராவது சொன்னால், அதை எழுத்தில் தரும்படி மகனைக் கேட்கச் சொல்லுங்கள். மூன்று ஏக்கருக்கும் பத்திரம் உங்கள் பெயரில் இருந்தால், மகன் எவ்வளவு கெஞ்சினாலும் அடமானத்துக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். கடைச் சரக்குக்கு வாங்கியிருக்கும் கடன் கணக்கையும் கட்சிக் கணக்கோடு கலக்க விடாதீர்கள். முடிந்தால் முதலில் உள்ளாட்சியில், பேரூராட்சி வார்டு ஒன்றில் நிற்கட்டும். தெருக்குழாயில் தண்ணீர் எந்த நாள் வரும் என்று அங்கே அவனைக் கேட்பார்கள், அதற்குப் பதிலை அவன் விவரமாகத்தான் சொல்லியாக வேண்டியிருக்கும்.