வாடகை அறையில் வளரும் பிள்ளை: மலசலகூடப் பழக்கம்

ஊரில் நமக்கு வளவு இருந்தது. பிள்ளைக்கு வயிறு முட்டினால் கோடிப்புறம் கொண்டுபோய் இருத்துவோம்; பின்னர் மண்போட்டு மூடுவோம். அம்மம்மா காலை நீட்டியிருந்து, கைக்குழந்தையைத் தன் கணுக்கால்களின்மேல் இருத்திப் பழக்குவார். பிள்ளை எப்போது பழகியது என்று எவருக்கும் நினைவிருக்காது.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டபோதும், 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் இடம்பெயர்ந்த பின்னரும், கமக்காரக் குடும்பங்கள் பல கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜ்களிலும் வாடகை அறைகளிலும் தங்கின. பல குடும்பங்களுக்கு ஒரே மலசலகூடம். அறை நனைந்தால் வீட்டுக்காரர் ஏசுவார். அந்த ஏச்சுக்குப் பயந்து தாய் பிள்ளையை அடிப்பார். அக்காலத்தில் கொட்டாஞ்சேனையில் நாம் சந்தித்த ஒரு தாய், தம் இரண்டரை வயது மகன் நான்கு நாட்களாக வெளிக்குப் போகவில்லை என்று அழுதார். அடிக்குப் பயந்து பிள்ளை அடக்கிக்கொண்டிருந்தது. சிற்றறையில் பிள்ளை வளர்ப்போருக்கு இன்றும் இச்சிக்கல் உண்டு.

அடி ஏன் உதவாது?

அடக்கிய மலத்தின் நீரைக் குடல் உறிஞ்சிக்கொள்ளும், மலம் இறுகும். இறுகிய மலம் போகும்போது நோகும். நோவுக்குப் பயந்து பிள்ளை மேலும் அடக்கும். ஆகவே அடி இதற்கு மருந்தன்று. அதுவே நோயை வளர்க்கும். நன்கு பழகிய பிள்ளையும் இடம் மாறும்போதோ தம்பி, தங்கை பிறக்கும்போதோ சிலகாலம் பழக்கத்தை மறக்கலாம். அது பிடிவாதமன்று.

எப்போது தொடங்கலாம்?

பெரும்பாலான பிள்ளைகள் 18 மாதத்துக்கும் 3 வயதுக்கும் இடையில் ஆயத்தமாவர். அயல்வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம். இவற்றைக் கவனிப்போம்:

- இரண்டு மணித்தியாலமாவது நனைக்காமல் இருக்கிறதா?
- தானாக நடந்துபோய் இருந்து எழும்புகிறதா?
- சிறு சொற்களை விளங்கிக்கொள்கிறதா?
- வருவதைச் சொல்லாலோ முகத்தாலோ காட்டுகிறதா?

பகலில் பழகிய பிள்ளை இரவில் நனைப்பது 5 வயதுவரையும் சாதாரணமே.

எப்படிப் பழக்கலாம்?

1. பிள்ளைக்கென ஒரு சிறு பிளாஸ்ரிக் சட்டியை அறை மூலையில் வைப்போம். பொது மலசலகூட வரிசையில் பிள்ளையால் காத்திருக்க முடியாது. குழியைக் கண்டும் அஞ்சும். சட்டியில் இருக்கும்போது பாதங்கள் நிலத்தில் பதிய வேண்டும்.

2. சாப்பாடு முடிந்து சற்று நேரத்தில் இருத்துவோம். உணவு வயிற்றுக்குள் போனதும் குடல் அசையும். ஐந்து நிமிடம் போதும். பிடித்து வைத்திருக்க வேண்டாம்.

3. சுலபமாகக் கழற்றும் உடுப்பை அணிவிப்போம்.

4. போனால் மெச்சுவோம். போகாவிட்டால் ஒன்றும் சொல்லாமல் எழுப்பிவிடுவோம். நனைத்தால் ஏசாமல் துடைப்போம்.

5. மலம் இறுகினால் தண்ணீர், பப்பாசிப்பழம், கீரை கொடுப்போம். மூன்று நாட்களுக்கு மேல் போகாவிட்டாலோ இரத்தம் கண்டாலோ வைத்தியரிடம் காட்டுவோம்.

துப்புரவு

"சின்னப்பிள்ளையின் மலந்தானே" என்று வாய்க்காலில் ஊற்றுவது தவறு. வயிற்றோட்டக் கிருமிகளும் புழு முட்டைகளும் அதிலும் உண்டு. சட்டியை மலசலகூடத்தில் ஊற்றிக் கழுவி, நம் கைகளையும் பிள்ளையின் கைகளையும் சவர்க்காரமிட்டுக் கழுவுவோம்.

கொட்டாஞ்சேனைத் தாய் அடியை நிறுத்தினார். பாயின்கீழ் றப்பர் சீற் விரித்து, வீட்டுக்காரரிடமும் நிலைமையைச் சொன்னார். சில வாரங்களில் மகன் தானாகவே சட்டியைத் தேடிப் போனான். ஊரையும் வளவையும் இழந்தது பிள்ளையின் குற்றமன்று. அந்த இழப்பின் கோபத்தைப் பிள்ளைமேல் இறக்காதிருப்போம்.

கூடிப் பேசுவோம்

1. நாம் பிள்ளையை ஏசுவது பிள்ளையின் நன்மைக்கா, பிறருக்குப் பயந்தா?
2. ஒரே வீட்டில் உள்ள குடும்பங்கள் காலையில் பிள்ளைகளுக்கு முதலிடம் கொடுக்க உடன்படலாமா?
3. இவ்வேலையில் தகப்பன்மாரின் பங்கு என்ன?