எண் ஒன்றுதான், ஒளிதான் வேறு

அன்புள்ள யாழினிக்கு,

நீ வரைந்த இரவுக் காட்சி உன் லேப்டாப்பில் நன்றாகத் தெரிகிறது, தோழியின் மானிட்டரிலோ திண்ணை ஓரம் நிற்கும் ஆளையே காணோம் என்று எழுதியிருந்தாய். படம் முழுவதையும் கொஞ்சம் வெளிச்சமாக்கி மறுபடி அனுப்பட்டுமா என்றும் கேட்டிருந்தாய். வேண்டாம், இப்போதைக்குப் படத்தில் கை வைக்காதே. அந்த ஆள் எங்கே தொலைந்தான் என்று முதலில் பார்ப்போம்.

படக்கோப்பில் வெளிச்சம் இல்லை, எண்கள்தான் இருக்கின்றன. ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. 128 என்றால் வெள்ளையில் பாதி ஒளி என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனால் திரை அந்த எண்ணை 255ஆல் வகுத்து, கிடைக்கும் பின்னத்தை ஓர் அடுக்குக்கு உயர்த்துகிறது. அந்த அடுக்குதான் காமா. காமா 2.2 என்றால் 128க்குக் கிடைப்பது வெள்ளையின் 22 சதவீத ஒளி, 1.8 என்றால் 29 சதவீதம். உன் ஆள் நிற்கும் நிழலில் எண் 50 என்று வைத்துக்கொள். 2.2இல் 2.8 சதவீதம், 1.8இல் 5.3. ஏறக்குறைய இரண்டு மடங்கு! 0உம் 255உம் மட்டும் எந்தக் காமாவிலும் மாறுவதில்லை. அதனால்தான் நிலவின் வெள்ளை அப்படியே இருக்க, நிழல்கள் மட்டும் இருளில் அமுங்கிவிடுகின்றன.

இந்த 1.8 நான் கற்பனையாகச் சொன்ன எண் இல்லை. பழைய பிக்சர் டியூப் திரைகளில் மின்னழுத்தத்தை இரட்டித்தால் ஒளி இரண்டு மடங்காகாது, நாலரை மடங்குக்கு ஏறும். விண்டோஸ் கணினிகள் பெரும்பாலும் அந்தக் குணத்தை அப்படியே விட்டுவிட்டன. ஆப்பிளோ, திரையில் பார்ப்பதும் லேசர் பிரிண்டரில் வருவதும் ஒத்துப்போக வேண்டும் என்று, மாக் கணினிக்குள்ளேயே ஒரு திருத்தம் வைத்து மொத்தக் காமாவை 1.8 ஆக்கியது. அச்சுத் தொழிலுக்கு அது நல்ல முடிவு. ஆனால் இணையம் வந்ததும், மாக்கில் செய்த படம் விண்டோஸில் இருண்டது. விண்டோஸில் செய்தது மாக்கில் வெளிறியது. எச்பியும் மைக்ரோசாஃப்டும் 1996இல் எஸ்ஆர்ஜிபி என்ற பொது அளவை முன்வைத்தன. 1999இல் அது சர்வதேசத் தரமானது. அதன் காமா ஏறத்தாழ 2.2. ஆப்பிள் 2009இல், ஸ்னோ லெபர்ட் பதிப்பில்தான் 2.2க்கு மாறியது.

டியூப் போய்த் தட்டைத் திரை வந்த பிறகும் இந்த வளைவை விடவில்லை. விடக் கூடாது என்பதுதான் என் கட்சி. நம் கண் வெளிச்சத்தைவிட இருட்டில்தான் சின்ன வித்தியாசங்களை நுணுக்கமாகப் பிரித்தறியும். இருப்பதோ 256 படிகள். அவற்றை ஒளிக்கு நேர் விகிதத்தில் பங்கிட்டால் இருண்ட பகுதிக்குச் சில படிகளே மிஞ்சும். உன் இரவு வானம் பட்டை பட்டையாகத் தெரியும்.

இன்று இரண்டு கணினியும் 2.2 என்றுதான் சொல்லும். ஆனால் மானிட்டரின் மெனுவில் யாராவது காமாவை மாற்றி வைத்திருக்கலாம். மலிவான திரையைச் சாய்த்துப் பார்த்தாலே நிழல்கள் மாறும். பிரைட்னஸைக் கூட்டுவது வேறு வேலை: அது பின்விளக்கை ஏற்றி எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் உயர்த்தும், காமாவைத் தொடாது.

ஆகவே அளந்து பார். ஒரு பிக்சல் உயரத்தில் கறுப்பு, வெள்ளைக் கோடுகளை மாறி மாறிப் படுக்கையாகப் போட்டு ஒரு கட்டம் செய். அது தரும் ஒளி உண்மையிலேயே பாதி. பக்கத்தில் 186 எண்ணில் ஒரு சாம்பல் கட்டம், 174இல் இன்னொன்று. 100 சதவீத அளவில் திறந்து, நாலடி தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பார். கோடுகள் 186உடன் கலந்துவிட்டால் காமா 2.2, 174உடன் கலந்தால் 1.8. விண்டோஸில் திரை அளவு 125 அல்லது 150 சதவீதம் என்றிருந்தால் முதலில் அதை 100க்குக் கொண்டு வா. இல்லாவிட்டால் கோடுகள் மங்கி, ஒளிக்குப் பதில் எண்களே கலந்து 128 பக்கம் போய்விடும். சோதனை பொய் சொல்லும்.

தோழியையும் இதையே செய்யச் சொல். இரண்டு திரையிலும் 186 பொருந்திய பிறகும் ஆள் தெரியவில்லையென்றால், அப்போது படத்தைத் திற. மொத்தப் படத்தையும் ஏற்றாமல் அவன் தோளையும் முகத்தோரத்தையும் மட்டும் சற்றே தூக்கு. சேமிக்கும்போது எஸ்ஆர்ஜிபி புரொஃபைலைக் கோப்போடு சேர்த்துவிடு. இரண்டு திரையின் முடிவையும் எனக்கு எழுது.

அன்புடன்,
பெரியப்பா