பிள்ளையின் கையைச் சுற்றி ஒரு நாடா

கிணறு இறைக்க வேண்டும், கூரைக்குத் தகரம் போட வேண்டும், காணியைத் துப்புரவாக்க வேண்டும். இந்த அவசரத்தில் கைப்பிள்ளையின் நிறையைப் பார்க்கப் பலருக்கும் நேரம் கிடைப்பதில்லை. “பிள்ளை விளையாடுது, ஒண்டும் இல்லை” என்று அம்மம்மா சொல்லுவார். ஆனால் நாளாந்தம் பார்க்கும் கண்ணுக்கு மெலிவு இலகுவில் தெரியாது.

பிறந்த பிள்ளையின் தலை, உடல் நீளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. தலையின் சுற்றளவு நெஞ்சின் சுற்றளவைவிடச் சற்றுக் கூட. ஒரு வயதளவில் இரண்டும் சமனாகி, பிறகு நெஞ்சு முந்தும். போதிய உணவில்லாமல், வயிற்றோட்டமும் காய்ச்சலும் மாறி மாறி வரும் பிள்ளையின் உடம்பு தன் கொழுப்பையும் தசையையும் கரைத்தே உயிரைக் காக்கிறது. கையும் தொடையும் வற்றும், தலை வற்றாது. “தலை பெரிசு” என்று அயலார் சொன்னால், சில வேளை மெலிந்தது உடம்பாக இருக்கும். தலையே வேகமாகப் பெருத்தாலும் டொக்டரிடம் காட்டுங்கள்.

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை மேற்கையின் சுற்றளவு அதிகம் மாறுவதில்லை. அதனால் பிள்ளையின் பதிவுப் புத்தகம் இடம்பெயர்வில் தொலைந்திருந்தாலும் இந்த அளவு உதவும். குடும்பநல மருத்துவமாது பிள்ளையின் இடது கையைத் தளரத் தொங்கவிட்டு, தோள் முனைக்கும் முழங்கைக்கும் நடுவில் நாடாவைச் சுற்றுவார். இறுக்கினாலும் தளர்த்தினாலும் அளவு பிழைக்கும். 12.5 சென்ரிமீற்றரும் அதற்கு மேலும் பச்சை. 11.5 முதல் 12.5க்குள் மஞ்சள், மேலதிக உணவும் தொடர்ந்த கவனிப்பும் தேவை. 11.5க்குக் கீழே சிவப்பு. அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள்.

நாடா ஏமாற்றும் இடமும் உண்டு. சில பிள்ளைகள் கொழுகொழு என்று தெரிவார்கள், ஆனால் அது நீர். இரண்டு பாதங்களின் மேற்புறத்தையும் பெருவிரல்களால் மூன்று செக்கன் அழுத்தி எடுங்கள். இரண்டிலும் குழி அப்படியே நின்றால், நாடா பச்சை காட்டினாலும் வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு இந்த நிறங்களைப் பார்க்க வேண்டாம். நிறையையும், படுக்க வைத்து அளக்கும் நீளத்தையும் கிளினிக்கில் பார்ப்பார்கள். பால் குடிக்கச் சோம்பினால் கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்காதீர்கள்.

புத்தகம் இல்லையே என்று வெட்கப்பட்டு கிளினிக்குக்குப் போகாமல் இருக்கும் தாய்மாரை நாங்கள் கண்டிருக்கிறோம். தொலைந்தது உங்கள் பிழையல்ல. மருத்துவமாதுவிடம் சொல்லிப் புதியது கேளுங்கள். பழையதில் ஓர் ஒற்றை மிஞ்சியிருந்தாலும், தடுப்பூசி விபரம் அதில் இருக்கலாம். கையோடு கொண்டு போங்கள்.