டெர்மினலில் பின்னணி நிறம்: எங்கே கை வைப்பது?

விஎஸ் கோடில் டெர்மினலைத் திறந்து எல்எஸ் அடிக்கிறீர்கள். சில ஃபோல்டர்களின் பெயர் மட்டும் பச்சைப் பட்டையின் மேல் நீல எழுத்தாக வந்து கண்ணை உறுத்துகிறது. உடனே தீம் மாற்றிப் பார்ப்போம். நாலு தீம் மாறினாலும் பட்டை போகாது, பச்சையின் சாயல்தான் மாறும்.

காரணம், டெர்மினலின் நிறம் ஓரிடத்தில் முடிவாவதில்லை. உள்ளே ஓடும் நிரல் நிறத்தை எண்ணாகச் சொல்கிறது: 30 முதல் 37 வரை எழுத்துக்கு, 40 முதல் 47 வரை பின்னணிக்கு. 42 என்றால் பச்சைப் பின்னணி. அது கிளிப்பச்சையா பாசிப்பச்சையா என்பது தீமின் முடிவு. கடைசியில் எழுத்து படிக்கும்படி இருக்கிறதா என்று பார்த்து எடிட்டர் தன் பங்குக்குத் திருத்துகிறது.

ஆகவே முதலில் ஒரு சோதனை. அதே ஷெல்லை எடிட்டருக்கு வெளியே, தனி டெர்மினலில் திறந்து அதே கட்டளையைக் கொடுங்கள். பட்டை அங்கும் வந்தால் கோளாறு நிரல் பக்கம். வராவிட்டால் எடிட்டர் பக்கம்.

தீம் மாற்றுவது
எடிட்டர் முழுக்கவே நிறம் பிடிக்கவில்லை என்றால் இது போதும். டெர்மினலுக்காக மட்டும் என்றால், மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை.

டெர்மினல் பின்னணியை மட்டும் மாற்றுவது
டெர்மினலுக்கென்று தனி நிறம் தராதவரை அது பேனலின் நிறத்தையே எடுத்துக்கொள்ளும். செட்டிங்ஸில் 'கலர் கஸ்டமைசேஷன்ஸ்' பகுதியில் டெர்மினல் பேக்ரவுண்டுக்கு ஒரு நிறம் கொடுத்தால் பிரிந்துவிடும். இதை ஒரு தீமுக்கு மட்டுமோ ஒரு ப்ராஜெக்டுக்கு மட்டுமோ வைத்துக்கொள்ளலாம். வாடிக்கையாளரின் சர்வரைத் தொடும் ப்ராஜெக்டுக்கு அடர்சிவப்பு வைத்தால் கை தானாக நிதானிக்கும். ஆனால் எல்எஸ் போடும் பட்டையை இது அசைக்காது. பட்டைக்காகத் தீமின் பச்சையையே மாற்றினால், கிட் டிஃபில் புது வரிகளைக் காட்டும் பச்சை எழுத்தும் கூடவே மாறிவிடும்.

கான்ட்ராஸ்ட் அளவைத் திருத்துவது
'மினிமம் கான்ட்ராஸ்ட் ரேஷியோ' 1 முதல் 21 வரை போகும், இயல்பாக 4.5. இது பின்னணியைத் தொடாது, எழுத்தின் நிறத்தைத்தான் மாற்றும். எழுத்து மங்கலாக இருந்தால் 7 வைத்துப் பாருங்கள். நீங்கள் தேர்ந்த நிறம் வேறாகத் தெரிகிறது என்றால் 1 வையுங்கள். எடிட்டர் தலையிடுவதை நிறுத்திவிடும்.

நிரலிலேயே திருத்துவது
பச்சைப் பட்டைக்கு நேரான மருந்து இதுதான். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று அனுமதி உள்ள ஃபோல்டரை எல்எஸ் 34;42 என்ற எண்களால் காட்டுகிறது: நீல எழுத்து, பச்சைப் பின்னணி. விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வைத்திருப்பவர்களுக்கு சி டிரைவ் ஃபோல்டர்கள் இயல்பாகவே அந்த அனுமதியோடு தெரிவதால், எங்கு பார்த்தாலும் பட்டை. எல்எஸ் கலர்ஸ் மாறியில் 'ஓ டபிள்யூ' என்ற குறிக்கு 34;42-ஐ எடுத்துவிட்டு 01;34 கொடுங்கள். இந்த மாற்றத்தைச் செய்யும் வரியை பாஷ் ஆர்சி கோப்பின் கடைசியில் சேர்த்து, புது டெர்மினல் திறந்தால் பட்டை இருக்காது.

சுருக்கமாக: முழு டெர்மினலும் உறுத்தினால் பின்னணி, எழுத்து மங்கினால் கான்ட்ராஸ்ட், சில பெயர்களில் மட்டும் பட்டை என்றால் எல்எஸ்.

இதே பட்டையை உண்மையான லினக்ஸ் சர்வரில் பார்த்தால் மட்டும் நிறத்தை மாற்ற அவசரப்படாதீர்கள். அந்த ஃபோல்டரில் யாரும் எழுதலாம் என்று எல்எஸ் எச்சரிக்கிறது. அங்கே மாற்ற வேண்டியது அனுமதியாகவும் இருக்கலாம்.