காய்ச்சல் நோட்டு

நேத்து ராத்திரி நீ போன் பண்ணி, "அக்கா, பாப்பாவுக்கு உடம்பு கொதிக்குது"ன்னு அழுதப்ப, நான் முதல்ல கேட்டது அவ எடை எவ்வளவுன்னு. உனக்குச் சட்டுன்னு சொல்ல வரலை. "போன தடவை ஊசி போடப் போனப்ப ஒன்பதோ பத்தோ..."ன்னு இழுத்தே. முதல் குழந்தைக்கு முதல் காய்ச்சல் வர்றப்ப யாருக்கும் அது ஞாபகத்துல நிக்காது. ஆனா மருந்துக் கணக்கெல்லாம் அந்த ஒரு எண்ணுல இருந்துதான் ஆரம்பிக்குது. அதனால பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்பிட்டு, கை வேலையை எல்லாம் போட்டுட்டு இதை எழுத உட்கார்ந்துட்டேன். இதுல பாதி என் அனுபவம். மீதி நம்ம தெரு அம்மாக்கள் ஒருத்தருக்கொருத்தர் சொல்லி, டாக்டர்கிட்ட கேட்டுச் சரிபண்ணிக்கிட்டது.

முதல்ல ஒரு 40 பக்க நோட்டு வாங்கு. ஒரு பேனாவை நூல்ல கட்டி அதோட தொங்கவிடு, இல்லேன்னா ராத்திரியில பேனா கிடைக்காது. முதல் பக்கத்துல பாப்பாவோட எடையையும் தேதியையும் எழுது. வீட்டுல எடை மெஷின் இருந்தா, அவளைத் தூக்கிக்கிட்டு ஒரு தடவை ஏறு, இறக்கி விட்டுட்டு ஒரு தடவை ஏறு, கழிச்சுப் பாரு. இல்லேன்னா அங்கன்வாடியில மாசா மாசம் பார்ப்பாங்க, கூச்சப்படாம போ. காய்ச்சல் வந்தா அடுத்த பக்கத்துல மணி, காய்ச்சல் அளவு, கொடுத்த மருந்து, எத்தனை மில்லி, சாப்பிட்டது, ஒண்ணுக்குப் போனது, இவ்வளவும் எழுது. நீ தூங்கறப்ப மாப்பிள்ளை முழிச்சிருந்தா அவரும் அதே பக்கத்துல எழுதட்டும். "நீ கொடுத்தியா, நான் கொடுக்கவா"ன்னு ரெண்டு பேரும் தூக்கக் கலக்கத்துல ரெண்டு தடவை கொடுத்துடற தப்பு இதனாலேயே நின்னுபோகும்.

இப்ப பாராசிட்டமால் விஷயம். இதைக் கவனமாப் படி. பேரு ஒண்ணுதான், ஆனா கடையில பல அளவுல வருது. சொட்டு மருந்துன்னா பெரும்பாலும் 1 மில்லியில 100 மில்லிகிராம். சிரப்புல ஒரு வகை, 5 மில்லியில 120 மில்லிகிராம். இன்னொரு வகை, அதே 5 மில்லியில 250. டாக்டர்கள் வழக்கமா குழந்தையோட ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம்னு கணக்குப் போடுவாங்க. பத்து கிலோ குழந்தைக்கு 150. அந்த 150 மில்லிகிராம் சொட்டு மருந்துல ஒன்றரை மில்லி, 250 சிரப்புல 3 மில்லி, 120 சிரப்புல 6 மில்லிக்குக் கொஞ்சம் மேல. ஒரே குழந்தை, ஒரே மருந்து, அளவு மட்டும் எவ்வளவு மாறுதுன்னு பாரு.

என் பெரியவனுக்கு ஒன்றரை வயசுல நடந்தது இதுதான். டாக்டர் சீட்டுல 120 சிரப், 6 மில்லின்னு எழுதியிருந்தார். பாட்டில் தீர்ந்துபோய், ராத்திரி ஒரு மருந்துக்கடையில வாங்கிட்டு வந்தோம். "அதேதான்மா"ன்னு கொடுத்தாங்க. அட்டையில 250ன்னு இருந்ததை நான் பார்க்கலை. அதே 6 மில்லியைக் கொடுத்தேன். காலையில பாட்டிலைக் கழுவி வைக்கறப்பதான் கண்ணுல பட்டுது. என் கை நடுங்கினது இன்னும் ஞாபகம் இருக்கு. டாக்டர்கிட்ட ஓடினேன். ஒரு வேளை கூடிப்போனதால ஆபத்தில்லை, ஆனா ரெண்டு மூணு நாள் வேளாவேளைக்கு இப்படியே போயிருந்தா ஈரலைப் பாதிச்சிருக்கும்னு சொன்னார். அன்னையிலேருந்து பாட்டில் வீட்டுக்குள்ள வந்ததும் மார்க்கர் பேனாவால அட்டை மேல "250, 3 மில்லி, 6 மணி இடைவெளி"ன்னு பெருசா எழுதி வெச்சிடுவேன். பாப்பாவோட எடையைச் சொல்லி, உன் வீட்டுல இருக்கற பாட்டிலுக்கு எத்தனை மில்லின்னு உங்க டாக்டர்கிட்ட கேட்டு எழுதிக்கோ. சமையல்கட்டு ஸ்பூன் வேண்டவே வேண்டாம், ஒவ்வொண்ணும் ஒவ்வொரு அளவு பிடிக்கும். ஊசி இல்லாத மருந்து சிரிஞ்ச் கடையில கிடைக்கும். அதுல எடுத்து, கன்னத்து ஓரமா மெதுவா விடு.

தொட்டுப் பார்த்துக் காய்ச்சலைச் சொல்லாதே. அடுப்படியிலேருந்து வந்த கைக்கு ஒரு மாதிரி தெரியும், பாத்திரம் கழுவின கைக்கு வேற மாதிரி தெரியும். டிஜிட்டல் தெர்மாமீட்டரை அக்குள்ல வெச்சு, கையை ஒட்டிப் பிடிச்சு, சத்தம் வர்ற வரைக்கும் இரு. 100.4 ஃபாரன்ஹீட்டைத் தாண்டினா காய்ச்சல். மூணு மாசம்கூட ஆகாத குழந்தைக்கு அந்த அளவு வந்தா மருந்து கொடுத்துட்டுக் காத்திருக்கக் கூடாது, எந்த நேரமா இருந்தாலும் ஆஸ்பத்திரிதான். பாப்பா அந்த வயசைத் தாண்டிட்டா, ஆனா உன் நாத்தனாருக்கு இது மாசம், அவங்ககிட்டயும் சொல்லி வை. ஐஸ் தண்ணி ஒத்தடம், ஸ்வெட்டர் போட்டு மூடறது ரெண்டும் வேண்டாம். மெல்லிசு பருத்திச் சட்டை போதும். தெர்மாமீட்டர் எண்ணைவிட முக்கியமா நான் பார்க்கறது ஒண்ணு: மருந்து கொடுத்துக் காய்ச்சல் இறங்கினதும் குழந்தை கொஞ்சமாவது சிரிக்குதா, பொம்மையைக் கேக்குதா? 103 அடிச்சும் விளையாடற குழந்தை எனக்குப் பயம் தராது. 100தான் இருக்கு, ஆனா தொவண்டு கிடக்கு, எழுப்பினா கண்ணைத் திறக்கலைன்னா உடனே கிளம்பிடுவேன்.

ஜன்னி வந்துடுமோன்னு கேட்டியே, அதைச் சொல்றேன். ஆறு மாசத்துலேருந்து அஞ்சு வயசுக்குள்ள சில குழந்தைகளுக்குக் காய்ச்சலோட வலிப்பு வரும். எதிர்வீட்டுப் பையனுக்கு நம்ம திண்ணையிலேயே வந்துது. கண்ணு மேல சொருகி, கை கால் வெட்டி வெட்டி இழுத்துது. அவன் ஆத்தா ஓடிவந்து சாவிக்கொத்தைக் கையில திணிச்சாங்க, இன்னொருத்தர் பல்லுக்கு நடுவுல கரண்டியை விட்டதுல பால்பல் ஒண்ணு உடைஞ்சுபோச்சு. சாவியால வலிப்பு நிக்காது. தானா நிக்கற நேரத்துல அது கையில இருந்ததால பேரு வாங்கிடுச்சு, அவ்வளவுதான். நீ செய்ய வேண்டியது: தரையிலயோ பாயிலயோ ஒருக்களிச்சுப் படுக்க வை, எச்சில் வெளியே வழியட்டும். வாயில விரலோ தண்ணியோ மருந்தோ எதுவும் போகக் கூடாது. கடிகாரத்தைப் பாரு. பெரும்பாலும் அஞ்சு நிமிஷத்துக்குள்ள நின்னுடும். தாண்டினா 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடு. நின்னுட்டாலும், முதல் தடவைன்னா அன்னைக்கே டாக்டர் பார்த்தாகணும்.

வயித்துப்போக்குக்கு வர்றேன். ஊசி மருந்துக்கெல்லாம் முன்னாடி இங்க குழந்தையைக் காப்பாத்தறது தண்ணிதான். 1971ல வங்காளதேசப் போர் நேரத்துல, எல்லை தாண்டி வந்த அகதிகளுக்குப் போங்காவ் முகாம்ல காலரா பரவிச்சு. நரம்புல ஏத்தற சலைன் தீர்ந்துபோச்சு. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் சோடா உப்பும் கலந்த தண்ணியை டிரம்ல வெச்சு, வாங்கிட்டுப் போய் ஊட்டுங்கன்னு சொன்னார். ஊட்டினது கூட வந்த அம்மாக்களும் சொந்தக்காரங்களும்தான். 100ல 30 பேர் செத்துக்கிட்டிருந்த இடத்துல சாவு 4க்கும் கீழே இறங்கிச்சு. இதை நினைக்கறப்பல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

அந்தத் தண்ணிதான் இன்னைக்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட். பெரிய பாக்கெட்டுன்னா முழுசா 1 லிட்டர் காய்ச்சி ஆறவெச்ச தண்ணியில கரைக்கணும், சின்னதுன்னா 200 மில்லியில. எத்தனைன்னு பாக்கெட் மேலேயே போட்டிருக்கும். கொஞ்சம் கொஞ்சமாப் போட்டுக் கலக்கறது, டம்ளர்ல பாதி பாக்கெட் போடறது எல்லாம் கெடுதல், உப்பு ஏறிடும். கரைச்ச நேரத்தை நோட்டுல எழுது, 24 மணி நேரம் ஆனா மிச்சத்தைக் கொட்டிடு. பாக்கெட் இல்லாத ராத்திரிக்கு, 1 லிட்டர் தண்ணியில தலைதட்டின 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. பாப்பா வயசுக்கு ஒவ்வொரு தடவை தண்ணியாப் போறதுக்கும் 50லேருந்து 100 மில்லி. வாந்தி எடுத்தா 10 நிமிஷம் விட்டுட்டு, ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன்னு மறுபடி ஆரம்பி. மடமடன்னு கொடுத்தாதான் திரும்ப வரும். தாய்ப்பாலை நிறுத்தாதே. டாக்டர் துத்தநாகம், அதான் ஜிங்க், கொடுத்தா போக்கு நின்னதும் விட்டுடாம 14 நாளும் கொடு.

கடையில கலர் கலரா டெட்ராபேக் ஜூஸைக் காட்டி, "இதுவும் ஓ.ஆர்.எஸ்.தான்"னு சொன்னா நம்பாதே. ஐதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் வருஷக்கணக்கா இதை எதிர்த்துப் போராடினாங்க. 2025 அக்டோபர்ல உணவுப் பாதுகாப்பு ஆணையம் இந்த மாதிரி பானங்கள்ல அந்தப் பேரைப் போடக் கூடாதுன்னு உத்தரவு போட்டுது. அதுல இருக்கற அதிகச் சர்க்கரை வயித்துப்போக்கைக் கூட்டிவிடும். சரியான பாக்கெட்டுல உலக சுகாதார நிறுவனத்தோட ஃபார்முலான்னு எழுதியிருக்கும். கண்ணு குழிவிழுந்து, நாக்கு உலர்ந்து, ஆறு எட்டு மணி நேரமா ஒண்ணுக்கே போகலைன்னா வீட்டுல ஊட்டிக்கிட்டு உட்காராதே, ஆஸ்பத்திரிக்குப் போயிடு.

இருமலுக்கு நீயா எந்தச் சிரப்பும் வாங்கிடாதே. அதே 2025ல மத்தியப் பிரதேசத்துல சிந்த்வாரா பக்கம் இருமல் மருந்தால பிஞ்சுக் குழந்தைங்க சிறுநீரகம் செயலிழந்து செத்துப்போச்சுங்க. அந்த மருந்து தயாரானது நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்துல. ரெண்டு வயசுக்குள்ள சளி இருமல் மருந்தே கொடுக்க வேண்டாம்னு மத்திய சுகாதாரத் துறை சொல்லியிருக்கு. பாப்பாவுக்கு ஒரு வயசு தாண்டிட்டதால அரை ஸ்பூன் தேன் கொடுக்கலாம். ஒரு வயசுக்கு முன்னாடின்னா தேன் நாக்குல தொடவே கூடாது.

இருமல்ல நீ எண்ண வேண்டியது மூச்சு. அவ தூங்கறப்ப சட்டையைத் தூக்கிவிட்டு, போன்ல ஒரு நிமிஷம் டைமர் வெச்சு, வயிறு எத்தனை தடவை ஏறி இறங்குதுன்னு எண்ணு. அரை நிமிஷம் எண்ணி ரெண்டால பெருக்காதே, குழந்தை மூச்சு ஒரே சீரா இருக்காது. 1 வயசுலேருந்து 5 வயசு வரைக்கும் 40ம் அதுக்கு மேலயும் போனா வேக மூச்சு, ரெண்டு மாசத்துலேருந்து ஒரு வயசு வரைக்கும் 50. மூச்சு இழுக்கறப்ப விலாவுக்குக் கீழ குழி விழுந்தா எண்ணிக்கிட்டிருக்காதே, அள்ளித் தூக்கிக்கிட்டுப் போ.

ஐப்பசி கார்த்திகையில காய்ச்சல்னா டெங்குவையும் மனசுல வெச்சுக்கோ. மூணாம் நாளுக்கு அப்புறம் காய்ச்சல் விட்டுடும், அப்பாடான்னு இருப்போம். ஆபத்து தொடங்கறதே அப்பதான். வயித்து வலி, விடாத வாந்தி, ஈறுல ரத்தம், சில்லுன்னு கை கால், இதுல ஒண்ணு வந்தாலும் ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காம உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிடு.

அடுத்து உன் மாமியார். வசம்பு சுட்டு நாக்குல தடவணும், மூக்குல எண்ணெய் விட்டு ஊதணும்னு சொல்றாங்கன்னு புலம்பினே. மூக்கு எண்ணெய்க்கு மட்டும் இடம் கொடுக்காதே, அது நுரையீரலுக்குள்ள போய் நிமோனியா ஆக்கிடும். வசம்பும் வேண்டாம். ஆனா அவங்களை எதிர்த்து நின்னு சொல்லாதே. அவங்க நாலு பிள்ளையை வளர்த்தவங்க, கை சும்மா இருந்தாதான் பயம் ஏறும். அவங்களுக்கு வேலை கொடு. "அத்தை, நீங்க வெச்ச ரசம்னாதான் வாயைத் திறக்கறா, குழையக் குழைய ஒரு பிடி சாதம் பிசைஞ்சு கொடுங்க"ன்னு கேளு. சுத்திப் போடணும்னா போடட்டும், மிளகாய் நெடி குழந்தைக்கு வராம வாசல்ல போடச் சொல்லு. ராத்திரி ரெண்டு மணிக்கு மடியில போட்டுத் தட்டிக்கொடுக்க அவங்களைத் தவிர உனக்கு யாரு இருக்கா? டாக்டர்கிட்ட போறப்ப அவங்களையும் கூட்டிட்டுப் போ. உன் வாயால சொன்னா மருமகள் பேச்சு, டாக்டர் வாயால கேட்டா அவங்களே நாலு பேருக்குச் சொல்வாங்க. எங்க வீட்டுல அப்படித்தான் ஆச்சு.

டாக்டர் முன்னாடி உட்கார்ந்ததும் நோட்டை நீட்டிடு. முந்தின வாரம் கொடுத்த மருந்து பாட்டிலையும் எடுத்துட்டுப் போ. ஆன்டிபயாட்டிக் மிச்சம் இருந்தா அடுத்த காய்ச்சலுக்குன்னு பிரிட்ஜ்ல வைக்காதே, கொட்டிடு.

அம்மா எனக்குக் கொடுத்த பாலாடையை நாளைக்கு ஓசூர் பஸ்ல வர்ற சித்தப்பா கையில கொடுத்து விடறேன். ஓ.ஆர்.எஸ். ஊட்ட ஸ்பூனைவிட அது சுகம். ஓரத்துல லேசா ஒடுங்கியிருக்கும், பெரியவன் கடிச்சது. கொதிக்கற தண்ணியில பத்து நிமிஷம் போட்டு எடுத்துட்டுப் பயன்படுத்து. சாயங்காலம் பாப்பாவோட எடையைப் பார்த்துட்டு எனக்கு மெசேஜ் போடு.