வயதும் வாக்கும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம்பிக்கை: வாலிபர்கள் இயல்பாகவே முற்போக்குக் கட்சியை நாடுவார்கள், நரை கூடியதும் பழமையின் பக்கம் திரும்பிவிடுவார்கள்.

உண்மை: அமெரிக்கத் தேர்தல் சரித்திரத்தைச் சற்று நிதானமாகப் புரட்டுகிறவர்களுக்கு, இந்த அபிப்பிராயத்தின் அஸ்திவாரம் எவ்வளவு பலவீனமானது என்பது எளிதில் விளங்கும். வியட்நாம் யுத்தத்தில் உயிரைக் கொடுக்கப் பதினெட்டு வயது போதுமானால் வாக்களிக்க மட்டும் ஏன் போதாது என்ற நியாயமான கேள்வியின் பலனாக, 1971-இல் அரசியல் சாசனத்தின் 26-ஆவது திருத்தம் நிறைவேறியபோது, பழமையைப் போற்றும் குடியரசுக் கட்சிக்கு இனி கஷ்டகாலந்தான் என்று ஆரூடம் சொன்னவர்கள் பலர்; மறு வருஷத் தேர்தலிலோ இளைஞர் வாக்கு ஏறத்தாழச் சரிபாதியாகப் பிரிய, அக்கட்சியின் நிக்ஸன் 49 மாநிலங்களைக் கைப்பற்றினார். 1984-இல், எழுபத்து மூன்று பிராயத்துக் கிழவரான, அதே கட்சியின் ரேகனுக்கு, முப்பது வயதுக்குட்பட்டவர்களில் நூற்றுக்கு அறுபது பேர் அளவில் வாக்களித்தார்கள். 2008-இல் அதே வயதினரில் நூற்றுக்கு 66 பேர் ஜனநாயகக் கட்சியின் ஒபாமாவை ஆதரித்தார்கள். முன்னவர்கள் ஜனநாயகக் கட்சியின் ஜனாதிபதி கார்ட்டர் காலத்து விலையேற்றத்தையும் ஈரானில் தூதரகத்தார் சிறைப்பட்ட அவமானத்தையும் பார்த்து வளர்ந்தவர்கள். பின்னவர்கள் குடியரசுக் கட்சியின் ஆட்சியில் இராக் யுத்தத்தையும் பொருளாதாரச் சரிவையும் பார்த்தவர்கள். பதினான்கு முதல் இருபத்து நான்கு வயது வரையில் மனத்தில் பதியும் அரசியல் அனுபவமே ஆயுள் முழுவதும் அதிகமாக நீடிக்கிறது என்று, யாயிர் கிட்ஸா, ஆண்ட்ரூ கெல்மன் ஆகிய ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்கள். குடியரசுக் கட்சியின் ஐஸனோவர் ஆட்சியில் வாலிபமடைந்த வெள்ளையர் பலர் முதுமையிலும் குடியரசுக் கட்சியினராகவே இருந்தார்களென்றால், அது நரையின் மகிமையன்று.

நம்பிக்கை: வெள்ளையரின் விகிதாசாரம் குறையக் குறைய, ஜனநாயகக் கட்சிக்கு நிரந்தர வெற்றி நிச்சயம்.

உண்மை: ஜனத்தொகை மாறுதலுக்குப் பங்கே இல்லையென்று சொல்வதற்கில்லை, இன்றைய வாலிபர்களிடையே வெள்ளையரல்லாதார் அதிகமாயிருப்பது அக்கட்சியின்பால் அவர்கள் சாய்வதற்கு ஒரு காரணமே. ஆனால் எந்த இனமும் எந்தக் கட்சிக்கும் சாசனம் எழுதிக் கொடுத்ததில்லை. ஜனநாயகக் கட்சியின் பெரும்பான்மை உருவாகி வருகிறதென்று 2002-இல் நூலெழுதிய ஜான் ஜூடிஸும் ரூய் டெஷேராவும், ஜனநாயகக் கட்சியினரெல்லாம் எங்கே போய்விட்டார்கள் என்று கேட்டு 2023-இல் இன்னொரு நூல் எழுத நேர்ந்தது. (ஆரூடக்காரர்களில் இவ்வளவு நேர்மை அபூர்வம்.) மெக்ஸிகோ எல்லையோரமுள்ள டெக்ஸாஸின் ஸ்டார் கவுண்டியில் ஜனங்களில் பெரும்பாலோர் ஹிஸ்பானியர், அங்கே 1892-க்குப் பிறகு முதன்முறையாக, 2024-இல் குடியரசுக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் வெற்றி பெற்றார்.