முதல் என்னும் சொல்

சென்னைக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டத்தில், கும்மிடிப்பூண்டி என்னும் ஊர் உள்ளது. 1971ஆம் ஆண்டில் தமிழக அரசு தோற்றுவித்த சிப்காட் நிறுவனத்தின் தொழில் வளாகம் ஒன்று அங்கே அமைந்துள்ளது. இரும்பு உருக்கும் ஆலை முதலிய பல தொழில்கள் ஆண்டு நடைபெறுகின்றன. ஓர் ஆலையைத் தொடங்குவோர் முதற்கண் தேடுவது யாது? அதன் பெயரே முதல் என்பதாம்.

முதல் என்பது பழந்தமிழ்ச் சொல். தொடக்கம், வேர், அடிமரம் எனப் பல பொருள்படும். இலக்கண நூலார் மரத்தை முதல் என்றும், அதன் கிளையைச் சினை என்றும் வழங்குவர். கிளையை வெட்டினால் மீண்டும் தளிர்க்கும். அடியோடு அகழ்ந்தால் தளிர்ப்பது ஏது? வணிகத்தில் இட்ட பொருளுக்கு இப்பெயர் மிகப் பொருந்தும். முதல் மரம்; ஊதியம் அதன் கனி.

செல்வம் அனைத்தும் முதல் ஆகாது. பெட்டியிற் பூட்டிய பொன் செல்வமே. தொழிலில் இட்டபொழுதே அது முதலாகும். 'இடு' என்னும் வினையின் முதனிலை நீண்டு 'ஈடு' என நின்றது. முதலை இடுதல் முதலீடு. முதலை ஆள்பவன் முதலாளி. மூலதனம் என்னும் வடசொல்லிலும் மூலம் என்பது வேரையே குறிக்கும். ஆங்கிலத்தில் வழங்கும் கேபிடல் என்பது, தலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்தது. கால்நடையைக் குறிக்கும் கேட்டில் என்னும் சொல்லும் அவ்வழி வந்ததே.

கால்நடையை முதலாகக் கொண்ட வழக்கம் நம் நாட்டிலும் இருந்தது. கோயிலில் ஒரு நந்தாவிளக்கு எரிக்க 90 அல்லது 96 ஆடுகளைக் கொடையாக விட்ட செய்தியைச் சோழர் காலக் கல்வெட்டுகளிற் காணலாம். ஆடுகளைப் பெற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளந்தனர். மூத்த ஆடுகள் இறப்பினும் குட்டிகள் அவ்விடத்தை நிரப்பின, மந்தை குறையவில்லை. ஆதலின் அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்றனர். நெய் ஊதியம், மந்தை முதல். மந்தையை விற்று உண்டால் விளக்கு அணைந்துவிடும் அன்றோ? மிகுந்த ஊதியத்தை விரும்பி, உள்ள முதலையும் தொலைக்கும் செயலில் அறிவுடையோர் தலையிடார் என்பது திருவள்ளுவர் கருத்து.

இற்றைநாள் ஆலைக்கும் இஃது ஒக்கும். இயந்திரம் ஆண்டுதோறும் தேய்கிறது. வருவாயில் ஒரு பகுதியைத் தேய்மானம் எனக் கணக்கிட்டு ஒதுக்குதல் வேண்டும். அவ்வாறு ஒதுக்காமல் முழுவதையும் ஊதியமெனச் செலவிடுபவன் தன் முதலையே உண்கின்றான்.

கணக்கேட்டில் ஏறாத முதலும் உண்டு. தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். அவர் உரைத்தது செய்யுளின் இலக்கணம். ஆயினும் அது வாழ்க்கைக்கும் பொருந்துவதே. ஆலைக்கும் வயலுக்கும் நிலமும் நீரும் இன்றியமையாதவை. கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே பழவேற்காட்டு ஏரி பரந்து கிடக்கிறது. அங்கு மீனும் இறாலும் பிடித்து வாழ்வோர்க்கு அவ்வேரியே சாவா மூவா மந்தை. எந்த ஆலையேனும் தன் கழிவுநீரைத் தூய்மை செய்யாது வெளியே விடுமாயின், அதனால் மிஞ்சும் பணம் அவ்வாலையின் ஊதியம் அன்று. பிறருடைய முதலிலிருந்து எடுத்த பொருளே ஆகும்.

தொழில் பெருகுதல் வேண்டும். அதற்கு முதலும் பெருகுதல் வேண்டும். ஆளுதல் என்பது அழித்தல் அன்று. காத்துப் பயன்கொள்ளுதலே ஆகும். தன் முதலையும் ஊரார் முதலையும் ஒருங்கே காப்பவனுக்கே முதலாளி என்னும் பெயர் தகும்.